போலிப் புதைபடிவம்: விலங்கை விட்டுவிட்டு விளிம்பைப் பாருங்கள்

இந்த மாதக் கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான். புதைபடிவம் ஒன்று விற்பனைக்கு வந்திருக்கிறது, அசலா போலியா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பாறைக்குள்ளிருந்து புதைபடிவத்தைப் பிரித்தெடுத்துச் சுத்தம் செய்வது என் தொழில் என்பதால், இந்தக் கேள்விகளுக்கு ஆசிரியர் எனக்குக் கூடுதல் பக்கம் கொடுத்திருக்கிறார். மகிழ்ச்சியோடு எழுதுகிறேன். ஏனென்றால் இந்தப் போலிகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும். ஆசையோடு தேடி வருகிற ஆளைத்தான் இவை ஏமாற்றுகின்றன.

கேள்வி: மேடம், மொராக்கோவில் எடுத்த ட்ரைலோபைட் என்று ஒருவர் விற்கிறார். பெயர் ‘வாலிசெராப்ஸ்’ என்கிறார். உடம்பெல்லாம் முள், தலைக்கு முன்னால் திரிசூலம் போல ஓர் உறுப்பு. மூன்று படங்கள் இணைத்திருக்கிறேன். வாங்கலாமா?

வாங்காதீர்கள். காரணத்தை விரிவாகவே சொல்கிறேன்.

ட்ரைலோபைட் என்பது எப்போதோ அழிந்துபோன, கெட்டியான ஓடு கொண்ட கடல்வாழ் கணுக்காலி. அதில் வாலிசெராப்ஸ் என்ற விலங்கு உண்மை. திரிசூலமும் உண்மை. மொராக்கோவின் ஆன்ட்டி அட்லஸ் மலைகளில், டெவோனியன் காலப் பாறைகளில் கிடைக்கிறது. டெவோனியன் என்றால் சுமார் 41.9 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கி 35.9 கோடி ஆண்டுகளுக்கு முன் முடிந்த காலம். பெயர் சரி, ஊர் சரி. உங்களுக்குக் காட்டப்படும் பொருள்தான் சரியில்லை.

உங்கள் இரண்டாவது படத்தில் கண் தெரிகிறது. அதைப் பெரிதாக்கிப் பாருங்கள். இந்த வகை ட்ரைலோபைட்டுக்குக் கண் என்பது ஒரு சிறிய கோபுரம். அதில் கால்சைட் என்ற கனிமத்தால் ஆன வில்லைகள் வரிசை வரிசையாக அடுக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு வில்லையும் தனித்தனி மணி, ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே மெல்லிய இடைவெளி. பத்து மடங்கு பெரிதாக்கும் கைக்கண்ணாடி ஒன்று இருந்தால் போதும், எண்ணியே விடலாம். உங்கள் படத்தில் கோபுரம் இருக்கிறது, வில்லைகளே இல்லை. வழவழவென்று ஒரு மேடு, அவ்வளவுதான். அச்சில் ரெசின் என்ற செயற்கைப் பிசினை வார்க்கும்போது முதலில் மழுங்கிப் போவது இந்தக் கண்தான். சில அசல் மாதிரிகளிலும் கண் தேய்ந்தோ, சுத்தம் செய்யும்போது அடிபட்டோ போயிருக்கும். ஆனால் அப்படி அடிபட்ட இடம் உடைசலாகத் தெரியும். இப்படி மெழுகியது போல இருக்காது.

அடுத்து கல்லைப் பாருங்கள். போலியைப் பிடிக்க நான் முதலில் விலங்கைப் பார்ப்பதே இல்லை. விலங்கும் கல்லும் சேரும் விளிம்பைத்தான் பார்ப்பேன். அசலில் ஓடு ஒரு பொருள், தாய்ப்பாறை வேறொரு பொருள். நிறம் மாறும், மினுமினுப்பு மாறும், எல்லை கத்தியால் கீறியது போலத் துல்லியமாக இருக்கும். அந்த எல்லையை ஒட்டி, கல்லைச் சுரண்டிய கருவியின் தடங்கள் கீறல் கீறலாகத் தெரியும். காற்றழுத்தத்தில் அதிரும் ஊசியால்தான் கல்லை எடுக்கிறோம், அதனால் தடமில்லாமல் வேலை முடிவது அபூர்வம். போலியில் ஓடு அப்படியே கல்லுக்குள் வழிந்து இறங்கும், எல்லையே இருக்காது. அல்லது விலங்கைச் சுற்றி ஒரு வளையம் மட்டும் வேறு நிறத்தில் இருக்கும். தனியாக வார்த்த விலங்கை அசல் கல்லில் குழி தோண்டிப் பதித்து, கல் தூளும் பசையும் கலந்து பூசிய இடம் அது. உங்கள் மூன்றாவது படத்தில் அந்த வளையம் இருக்கிறது.

குண்டூசி முனை அளவில் வட்ட வட்டமாகத் துளைகள் தெரிந்தால் அவை காற்றுக் குமிழிகள். கல்லில் குழி விழலாம், ஆனால் இத்தனை ஒழுங்கான வட்டங்கள் வராது. துளைகள் அச்சில் வார்த்ததற்கான அடையாளம்.

வீட்டில் செய்யும் சோதனைகள் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். நகப்பூச்சு நீக்கியில், அதாவது அசிட்டோனில், பஞ்சை நனைத்து ஓரத்தில் தேய்த்தால் கறுப்புச் சாயம் ஒட்டுகிறதா என்று பார்க்கலாம். சாயம் வந்தால் சந்தேகப்படுங்கள். பஞ்சில் வெறும் பிசுபிசுப்பு மட்டும் வந்தால் அவசரப்பட வேண்டாம். நாங்களே பலவீனமான ஓடுகளை உறுதிப்படுத்த ‘பாரலாய்டு பி-72’ என்ற பிசினைத் தடவுகிறோம், அதுவும் அசிட்டோனில் கரையும். அப்புறம், காய்ச்சிய ஊசி. அடிப்பக்கத்தில் யாரும் பார்க்காத மூலையில் தொட்டால், ரெசினாக இருந்தால் கருகிய பிளாஸ்டிக் வாடை அடிக்கும். வினிகர் ஊற்றிப் பார்க்கச் சொல்பவர்களும் உண்டு. அதில் பலனில்லை. சுண்ணாம்புப் பாறையைத் தூளாக்கிப் பிசைந்த போலியும் அசல் போலவே நுரைக்கும்.

கேள்வி: நான் வாங்கிய ட்ரைலோபைட்டின் நடுவில் ஒட்டிய கோடு ஒன்று ஓடுகிறது. உடைந்ததை ஒட்டி என் தலையில் கட்டிவிட்டார்கள் என்று நினைக்கிறேன். திருப்பி அனுப்பட்டுமா?

பொறுங்கள். அந்தக் கோடு விலங்கின் முதுகையும் தாண்டி இரண்டு பக்கமும் கல்லுக்குள் ஓடுகிறதா? ஓடினால் நல்ல செய்தி. இந்த விலங்குகள் கல்லுக்குள் முழுசாகப் புதைந்திருக்கும், வெளியே எதுவும் தெரியாது. சுத்தியலால் கல்லை உடைத்து, உடைந்த முகத்தில் ஓட்டின் குறுக்குவெட்டு மெல்லிய கோடாகத் தெரிகிறதா என்று பார்த்துத்தான் கண்டுபிடிக்கிறார்கள். கண்டுபிடித்த பின் துண்டுகளை ஒட்டி, அப்புறம் மேலிருந்து கல்லைக் குடைகிறார்கள். ஆகவே அந்த விரிசல் கல்லையும் விலங்கையும் ஒரே வீச்சில் வெட்டிப் போயிருக்கும். விரிசல் விலங்கின் விளிம்பு வரை வந்து நின்றுபோய், விலங்கின் மேல் சுவடே இல்லையென்றால்தான் கவலைப்பட வேண்டும்.

கேள்வி: ஆம்பருக்குள் ஒரு முழுத் தேள் இருக்கிறது. கையகலத் துண்டு, கண்ணாடி மாதிரித் தெளிவு. தேள் சரியாக நடுவில் இருக்கிறது. இது உண்மையாக இருக்க முடியுமா?

ஆம்பர் என்பது கோடிக்கணக்கான ஆண்டுகளில் கல் போல இறுகிய மரப்பிசின். அதில் தேள் கிடைத்ததே இல்லை என்று சொல்ல முடியாது, கிடைத்திருக்கிறது. ஆனால் மிக மிக அரிது. நீங்கள் வர்ணிப்பது ஒரு செத்த தேளை அச்சில் வைத்துப் பிளாஸ்டிக் ஊற்றியது போல இருக்கிறது.

மரப்பிசினில் மாட்டிய பூச்சி அமைதியாகச் சாவதில்லை. கால் ஒரு பக்கம் இழுபட்டிருக்கும், இறக்கை மடங்கியிருக்கும், துடித்ததில் பிசின் சுழித்த தடம் இருக்கும். கூடவே தூசி, மரத்துகள், குமிழி. பால்டிக் ஆம்பரில் பூச்சியின் ஒரு பக்கத்தில் பால் ஊற்றியது போல வெண்மை படர்ந்திருப்பதும், கருவேல மரத்தின் நட்சத்திர வடிவ நுண்மயிர்கள் சிதறிக் கிடப்பதும் சாதாரணம். இந்த அழுக்கைப் பார்த்தால் எனக்கு நம்பிக்கை வரும். கால்களைச் சமமாகப் பரப்பிப் படத்துக்கு நிற்பது போல நிற்கும் பூச்சியைக் கண்டால் வராது.

சோதனை சொல்கிறேன். தண்ணீரில் உப்பை இனிமேல் கரையாது என்கிற வரை கரைத்து, துண்டைப் போடுங்கள். ஆம்பரின் அடர்த்தி 1.05 முதல் 1.10 வரை, அதனால் மிதக்கும். கண்ணாடியும் பேக்கலைட்டும் பாலியெஸ்டர் ரெசினும் மூழ்கும். மூழ்கினால் முடிவு தெரிந்துவிட்டது. மிதந்தால் மட்டும் முடிவு கட்டாதீர்கள், பாலிஸ்டைரீன் என்ற பிளாஸ்டிக்கும் மிதக்கும், கோப்பலும் மிதக்கும். கோப்பல் என்பது இன்னும் முழுதாக முதிராத மரப்பிசின். மடகாஸ்கரிலும் கொலம்பியாவிலும் நிறையக் கிடைக்கிறது, அதற்குள் இருக்கும் பூச்சியும் நிஜப் பூச்சிதான். பால்டிக் ஆம்பருக்கு மூன்று கோடி ஆண்டுகளுக்கு மேல் வயது இருக்கும்போது, கோப்பலின் வயது அதன் பக்கத்திலேயே வராது. அதை ஆம்பர் என்று விற்பது மோசடி. ஒரு சொட்டு அசிட்டோன் விட்டுச் சில நொடிகளில் விரலால் தொட்டுப் பாருங்கள். கோப்பல் ஒட்டும். ஆம்பர் அவ்வளவு சீக்கிரம் ஒட்டாது.

இந்த எல்லாச் சோதனையிலும் தேறிவிடுகிற போலியும் உண்டு. லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் பால்டிக் ஆம்பருக்குள் ஓர் ஈ இருந்தது. ‘ஃபேனியா ஸ்கலாரிஸ்’ என்ற, இன்றும் பறந்துகொண்டிருக்கிற ஈ. இத்தனை கோடி ஆண்டுகளில் மாறவே இல்லையா என்று வியந்தார்கள். ஜெர்மனியின் பெரிய பூச்சியியல் அறிஞர் வில்லி ஹென்னிக் 1966-இல் அதை ஆராய்ந்து எழுதினார், அவருக்கும் சந்தேகம் வரவில்லை. 1993-இல் ஆண்ட்ரூ ராஸ் என்ற ஆய்வாளர் அதை நுண்ணோக்கியின் அடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது, விளக்கின் சூட்டில் ஈயைச் சுற்றி ஒரு விரிசல் தோன்றியது. ஆம்பர் அசல். அதை யாரோ இரண்டாக அறுத்து, ஒரு பாதியைக் குடைந்து, ஈயை வைத்து, மறுபாதியை மூடி ஒட்டியிருக்கிறார்கள். நீங்கள் வாங்கப்போகும் துண்டைப் பக்கவாட்டில் சாய்த்து, ஒரு முனையிலிருந்து வெளிச்சம் அடித்துப் பாருங்கள். பூச்சி இருக்கும் மட்டத்தில் ஒரு தட்டையான தளமும், அந்தத் தளத்தில் மட்டும் குமிழிகளும் தெரிந்தால் அது ஒட்டிய இடம்.

கேள்வி: என் மகனுக்கு டைனோசர் பைத்தியம். மோசசார் தாடை ஒன்று, பற்களோடு, கைக்கு அடக்கமான அளவில் வருகிறது. பிறந்தநாளுக்கு வாங்கலாமா?

முதலில் பையனிடம் சொல்லிவிடுங்கள், மோசசார் டைனோசர் இல்லை, கடலில் வாழ்ந்த பெரிய ஊர்வன. அவனுக்கே தெரிந்திருந்தாலும் ஆச்சரியமில்லை.

நீங்கள் பார்த்தது அநேகமாகப் பல் நிஜம், தாடை பொய் வகை. மொராக்கோவில் கூரிப்கா பகுதியின் பாஸ்பேட் சுரங்கங்களில் மோசசார் பற்கள் ஏராளமாக, உதிரி உதிரியாகக் கிடைக்கின்றன. அவற்றை எடுத்து, மணலையும் பசையையும் பிசைந்து ஒரு தாடை செய்து, வரிசையாக நட்டுவிடுகிறார்கள். எல்லாப் பல்லும் ஒரே உயரத்தில், ஒரே இடைவெளியில் நின்றால் நம்பாதீர்கள். நிஜத் தாடையில் ஒரு பல் முழுதாக வளர்ந்திருக்கும், பக்கத்தில் ஒன்று விழுந்து குழி இருக்கும், இன்னொன்று அப்போதுதான் முளைத்திருக்கும். பல்லின் அடியில் எலும்பு போன்ற தடித்த பீடமும் இருக்கும், அது தாடையோடு இணைந்திருக்கும். போலியில் பல் மணலுக்குள் சொருகியபடி நிற்கும்.

மகனுக்கு ஒற்றைப் பல் வாங்கிக் கொடுங்கள். போலி செய்யத் தேவையே இல்லாத அளவுக்கு அது மலிந்து கிடக்கிறது. அதிலும் ஒட்டு வேலை நடக்கும் என்பதால், பல்லின் நுனிக்கும் அடிக்கும் நடுவே மணல் பூசிய பட்டை எதுவும் இல்லாததாகப் பார்த்து எடுங்கள். ஸ்பைனோசாரஸ் என்ற டைனோசரின் பல் என்று விற்பதில் இந்த ஒட்டு இன்னும் அதிகம்.

கேள்வி: கல்லில் பெரணி இலை அச்சாகப் பதிந்திருக்கிறது, கறுப்பு நிறம், அவ்வளவு நுணுக்கம். இதுவும் போலியா?

யாரும் செய்த போலி அல்ல, புதைபடிவமும் அல்ல. கல்லின் வெடிப்புகளில் மாங்கனீசு ஆக்சைடு கசிந்து கிளை பிரிந்து படர்ந்த கோலம் அது, பெயர் டென்ட்ரைட். இலைக்கு நடுநரம்பும் காம்பும் இருக்கும், இதற்கு இருக்காது. வெடிப்பின் ஓரத்திலிருந்து கிளம்பிப் படரும். அழகான பொருள், டென்ட்ரைட் என்ற பெயரிலேயே வாங்கி வையுங்கள்.

கேள்வி: டைனோசர் முட்டை என்று ஒன்று இருக்கிறது. மேலே ஓட்டுத் துண்டுகள் நிஜமாகவே தெரிகின்றன. அதனால் அசல்தானே?

ஓட்டுத் துண்டு நிஜமாக இருக்கலாம், முட்டை நிஜமாக இருக்க வேண்டியதில்லை. உடைந்த ஓட்டுச் சில்லுகள் நிறையக் கிடைக்கும் இடங்களில், களிமண்ணிலோ பிளாஸ்டரிலோ முட்டை வடிவம் பிடித்து, அதன்மேல் சில்லுகளை ஒட்டிவிடுவார்கள்.

இங்கேயும் விளிம்புதான். கீழே போட்டு விரிசல் விட்ட தட்டைப் போல, அசல் முட்டையில் ஒவ்வொரு சில்லும் பக்கத்துச் சில்லோடு கச்சிதமாகப் பொருந்தும். மண்ணின் பாரத்தில் ஒரு பக்கம் நசுங்கி உள்வாங்கியிருப்பதும் சகஜம். போலியில் சில்லுகளுக்கு நடுவே மண் நிரப்பிய இடைவெளி இருக்கும், ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கும், வளைவு ஒத்துப்போகாது. ஓவிராப்டர் வகையின் நீண்ட முட்டையில் ஓட்டின் மேல் மெல்லிய வரிகள் உண்டு. முட்டையின் நடுப்பகுதியில் அவை நீளவாக்கில் ஓடும். சில்லுக்குச் சில்லு வரிகள் வேறு வேறு திசையில் ஓடினால் அது ஒட்டுவேலை.

ஓடே இல்லாத உருண்டைக் கல்லை முட்டை என்று சொன்னால் பேச்சே வேண்டாம். உடைந்த ஓட்டுக்குள் கருவின் குட்டி எலும்புகள் அழகாகத் தெரிகின்றன என்று காட்டினால் இன்னும் உஷாராக இருங்கள்.

கேள்வி: அறிஞர்களே ஏமாறும்போது எங்களைப் போன்றவர்கள் என்ன செய்வது?

அறிஞர்கள் ஏமாந்த கதைகளில் உங்களுக்கு உபயோகமான பாடம் இருக்கிறது. 1999 நவம்பர் ‘நேஷனல் ஜியோகிராஃபிக்’ இதழில் ‘ஆர்க்கியோராப்டர்’ என்ற விலங்கு வந்தது, பறவை உடம்பும் டைனோசர் வாலும் கொண்டது. சீனாவின் லியாவ்னிங் மாகாணத்தில் கிடைத்தது, விற்பனைக்காகத் துண்டுகளை ஒட்டித் தயாரானது. அந்தப் பாறை ஏடு ஏடாகப் பிளக்கும். பிளக்கும்போது புதைபடிவம் ஒரு முகத்திலும் அதன் எதிர் அச்சு மறுமுகத்திலும் தங்கும். சீன அறிஞர் ஷூ ஷிங் வேறொரு பலகையில் அதே வாலின் எதிர் அச்சைக் கண்டார். அந்த வால் சேர்ந்திருந்த உடம்பு முற்றிலும் வேறு, பின்னாளில் மைக்ரோராப்டர் என்று பெயர் பெற்ற சிறு டைனோசர். அமெரிக்காவில் டிமோதி ரோ எடுத்த சி.டி. ஸ்கேனும் பலகை பல துண்டுகளின் ஒட்டு என்று காட்டியது.

எனவே ஏடாகப் பிளக்கும் கல்லில் உள்ள பொருளை வாங்குவதென்றால், எதிர்ப்பலகை எங்கே என்று கேளுங்கள். எல்லாவற்றுக்கும் இருக்காது, ஆனால் அந்தக் கேள்விக்கு விற்பவர் எப்படிப் பதில் சொல்கிறார் என்பதே நிறையச் சொல்லிவிடும்.

இன்னொன்று சமீபத்தியது. இத்தாலிய ஆல்ப்ஸ் மலையில் 1931-இல் கிடைத்த ‘ட்ரைடென்டினோசாரஸ்’. பாறைமேல் கறுப்பாக முழு உடல், தோலோடு பதிந்தது என்றே நம்பியிருந்தார்கள். 2024-இல் வந்த ஆய்வில், அந்தக் கறுப்பு பெயின்ட் என்று தெரிந்தது. புற ஊதா வெளிச்சத்தில் முழுப் பரப்பும் பூச்சு போல ஒளிர்ந்ததுதான் முதல் துப்பு. பின்னங்கால் எலும்புகளும் சில சிறு செதில்களும் மட்டும் அசல். புற ஊதா டார்ச் உங்கள் கையிலும் இருக்கலாம். 365 நானோமீட்டர் என்று போட்டிருப்பது நல்லது. இருட்டில் அடித்தால் பசையும் பூச்சும் பல சமயம் கல்லிலிருந்து வேறுபட்டு ஒளிரும். சில கனிமங்கள் தாமாகவே ஒளிரும் என்பதால், ஒளிர்வதை மட்டும் பார்க்காமல், ஒளிர்வது எங்கே திடீரென்று நிற்கிறது என்று பாருங்கள்.

கேள்வி: உடைந்த முள்ளைச் செய்து வைப்பதும் போலிதானே? நீங்களே அதைச் செய்கிறீர்களே?

செய்கிறேன், எது என் கைவேலை என்று எழுதியும் கொடுக்கிறேன். முள் நிறைந்த ட்ரைலோபைட்டில் எல்லா முள்ளும் முழுசாக வெளியே வருவது அபூர்வம். காணாமல்போன பாதியைச் செய்து வைப்பது தப்பில்லை, சொல்லாமல் விற்பதுதான் தப்பு.

புதைபடிவத்தோடு வரும் விவரச் சீட்டும் அப்படித்தான். எந்த இடம், எந்தப் பாறை அடுக்கு என்ற தகவல் இல்லாத புதைபடிவம் அறிவியலுக்குப் பெரிதாகப் பயன்படாது. தகவல் பொய்யாக இருந்தால் கேடு. பஞ்சாப் பல்கலைக்கழகத்தில் இருந்த புவியியல் அறிஞர் வி.ஜே. குப்தா, வேறு நாடுகளின் புதைபடிவங்களை இமயமலையில் கண்டெடுத்ததாகக் கட்டுரை கட்டுரையாக எழுதினார். அவற்றில் மொராக்கோ அம்மோனாய்டுகளும் (சுருள் ஓடு கொண்ட, அழிந்துபோன கடல் உயிரினங்கள்; அம்மோனைட் இவற்றில் ஒரு வகை) இருந்தன. ஆஸ்திரேலியாவின் புதைபடிவ அறிஞர் ஜான் டேலன்ட் 1989-இல் ‘நேச்சர்’ இதழில் அதை வெளிப்படுத்தினார். அந்தப் புதைபடிவங்கள் அசல்தான். பொய்யான ஊர்ப் பெயர்களால் இமயமலையின் பழங்கால வரலாற்று ஏடுகளே குழம்பிப்போயின.

கேள்வி: அசல் என்று உறுதியானால் தைரியமாக வாங்கலாமா?

எந்த நாட்டிலிருந்து வந்தது என்று பாருங்கள். பிரேசிலில் 1942-ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்தே புதைபடிவங்கள் அரசின் சொத்து. மங்கோலியாவிலும் அப்படியே. 2012-இல் நியூயார்க்கில் ஏலம் போன டார்போசாரஸ் என்ற டைனோசரின் எலும்புக்கூட்டை மறு ஆண்டு மங்கோலியாவுக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டியிருந்தது. சீனாவில் 2011-இல் தனி விதிமுறையே வந்துவிட்டது. சீன டைனோசர் முட்டையோ சிறகுள்ள டைனோசரோ தனியாரிடம் விற்பனைக்கு வருகிறது என்றால், அது போலியாக இருக்கும், இல்லையென்றால் கடத்தலாக இருக்க வாய்ப்பு அதிகம். ஏற்றுமதிக்கான அனுமதிக் காகிதத்தைக் கேளுங்கள், இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

கேள்வி: நான் பள்ளி ஆசிரியை. வாங்கிய அம்மோனைட் போலி என்று தெரிந்துவிட்டது. தூக்கிப் போட மனம் வரவில்லை.

போடாதீர்கள் டீச்சர். ஒரு சின்ன அசல் அம்மோனைட் தேடி வாங்கி, இரண்டையும் பிள்ளைகள் கையில் கொடுங்கள். ஓட்டின் மேல்தோல் உரிந்த இடத்தில், அறைச் சுவர்கள் சேரும் கோடுகள் இலை ஓரம் போல நெளிந்து நெளிந்து ஓடுவதை அசலில் காட்டுங்கள். போலியில் அந்தக் கோடு இருக்காது, அல்லது எல்லாச் சுற்றிலும் ஒரே மாதிரி கீறப்பட்டிருக்கும். கன்னத்தில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள், கல் சில்லென்று இருக்கும், பிளாஸ்டிக் அப்படி இருக்காது. போலியின் அடியில் அழியாத மையால் ‘அச்சுப் பிரதி’ என்று எழுதிவிடுங்கள். காகிதம் ஒட்டினால் உரிந்துவிடும்.